ஆட்டுப்பட்டி ராக்காவலுக்கு என்ன லைட் வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகிற வழியில் காட்டு ஓரமாக எங்கள் நிலம். 40 சொச்சம் ஆடுகள், பாதிக்கு மேல் மேச்சேரி இனச் செம்மறி, மீதி வெள்ளாடு. பட்டிக்கு அந்தப் பக்கம் ஒன்றரை ஏக்கர் கேழ்வரகு. ராத்திரிக் காவலுக்கு லைட் வாங்குவது பற்றி அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும் இதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பென்னாகரம், பாலக்கோடு, மாரண்டஅள்ளிப் பக்கம் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

அண்ணா, ராத்திரி வேட்டைக்கு நல்ல லைட் எது?

அதை மட்டும் நான் சொல்ல மாட்டேன். 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறுத்தை, செந்நாய், கரடி, யானை எல்லாம் முதல் அட்டவணையில் இருக்கின்றன, கொன்றால் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 7 வருடம் சிறை, அபராதம் தனி. நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு முயல் அடிக்கப் போவதும் வேட்டைதான், கண்ணி கட்டுவதும் வேட்டைதான். ஆட்டைக் காப்பாற்றத்தானே சுட்டேன் என்று சொன்னாலும் நிற்காது, ஏனென்றால் அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு மனித உயிரைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் செய்ததற்குத்தான் இடம் கொடுக்கிறது, ஆட்டுக்காக இல்லை. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி கையில் இருந்தால் அதற்கு இன்னொரு வழக்கு.

சட்டத்தை விடுங்கள், பலன் என்று பார்த்தாலும் அது வீண் வேலை. காவிரி வடக்கு சரணாலயம் 2014-ல் அறிவிக்கப்பட்டது, 504 சதுர கிலோமீட்டர். காவிரி தெற்கு 2022-ல் வந்தது, 686 சதுர கிலோமீட்டர். இவ்வளவு காடு பக்கத்தில் இருக்கும்போது ஒரு சிறுத்தை போன இடத்துக்கு இன்னொரு சிறுத்தை வரும், பட்டியில் ஓட்டை அப்படியே இருந்தால் அதுவும் ஆட்டைத் தூக்கும். அதனால் இங்கே நான் எழுதுவது காவல் லைட்டைப் பற்றி மட்டும்தான்.

ஆன்லைனில் சிவப்பு, பச்சை வெளிச்சம் வருகிற வேட்டை டார்ச் விற்கிறார்களே, அது காவலுக்கு நல்லதா?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். அந்த டார்ச்சுகள் அமெரிக்காவுக்காகச் செய்தவை. அங்கே கோயோட் என்று நம் நரிக்கும் ஓநாய்க்கும் நடுவான ஒரு விலங்கு, அதை ராத்திரியில் வேட்டையாட பல மாநிலங்களில் அனுமதி உண்டு. நாய், பூனை இனத்து விலங்குகளின் கண்ணுக்குச் சிவப்பு ரொம்ப மங்கலாகத்தான் தெரியும். அதனால் வேட்டைக்காரர் சிவப்பு வெளிச்சத்தை ஓரமாக வீசினால் விலங்கு மிரளாமல் கிட்டே வரும், ஆனால் அதன் கண் மின்னுவது அவருக்குத் தெரியும். பச்சை வெளிச்சம் மனிதக் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற நிறம், அதனால் தூரத்தில் உருவத்தைப் பிரித்துப் பார்க்க சிலர் அதை எடுக்கிறார்கள்.

அதாவது வேட்டை லைட் என்பது விலங்குக்குத் தெரியாமல் இருப்பதற்காகச் செய்தது. நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். இங்கே ஆள் இருக்கிறான், விழித்திருக்கிறான், வேறு பக்கம் போ என்று விலங்குக்குத் தெரிய வேண்டும். ஆகவே காவலுக்கு வெள்ளை லைட்தான். சிவப்பு டார்ச்சை வாங்கிக் காவலுக்கு உட்கார்ந்தால் சிறுத்தைக்கு நீங்கள் தொந்தரவே இல்லை!

சிவப்பு அடியோடு வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நம் கண் இருட்டுக்கு முழுசாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும், ஒரு தடவை பளிச்சென்று வெள்ளை அடித்தால் அத்தனையும் போய்விடும், மறுபடி முதலிலிருந்து. பரண் மேல் உட்கார்ந்து டீ ஊற்றிக் குடிக்க, வெற்றிலைப் பையைத் தேட, நேரம் பார்க்க மங்கலான சிவப்பு நல்லது. ஹெட்லைட்டில் சிவப்பும் சேர்ந்து வந்தால் வாங்குங்கள், அதற்கென்று தனியாகக் காசு போட வேண்டாம்.

பெட்டியில் 10,000 லுமென்ஸ், 2 கிலோமீட்டர் என்றெல்லாம் போட்டிருக்கிறதே, நம்பலாமா?

500 ரூபாய் டார்ச்சில் போட்டிருந்தால் நம்பாதீர்கள். கணக்கு சின்னதுதான், ஒருமுறை தெரிந்துகொண்டால் கடைக்காரர் என்ன சொன்னாலும் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

லுமென் என்பது லைட்டிலிருந்து வருகிற மொத்த வெளிச்சம். கேண்டெலா என்பது அந்த வெளிச்சம் ஒரே திசையில் எவ்வளவு குவிந்து போகிறது என்பது. தூரம் போவது கேண்டெலாவால்தான். தரமான கம்பெனிகள் தூரத்தை ஒரே விதியில்தான் கணக்கிடுகின்றன: கேண்டெலாவின் வர்க்கமூலத்தை 2-ஆல் பெருக்கினால் மீட்டர் வரும். 10,000 கேண்டெலா என்றால் வர்க்கமூலம் 100, தூரம் 200 மீட்டர். 400 மீட்டர் வேண்டுமென்றால் 20,000 போதாது, 40,000 வேண்டும். தூரம் இரட்டிக்க வெளிச்சம் நாலு மடங்காக வேண்டும். அப்புறம் அந்த 200-வது மீட்டரில் விழும் வெளிச்சம் பௌர்ணமி நிலா அளவுக்குத்தான் இருக்கும், அதாவது கால் லக்ஸ் (ஒரு இடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகுதான் லக்ஸ்). அங்கே நிற்பது நாயா நரியா என்று பார்க்க அது பத்தாது. எழுதியிருக்கிற தூரத்தில் பாதி, சில சமயம் மூன்றில் ஒரு பங்குதான் நமக்குப் பயன்படும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியை வைத்தும் பொய்யைப் பிடிக்கலாம். எல்இடி டார்ச்சில் சுமாராக ஒரு வாட்டுக்கு 100 லுமென் வரும். 10,000 லுமென் என்றால் 100 வாட். கட்டைவிரல் தடிமனில் ஒரே ஒரு பேட்டரி போட்ட டார்ச் 100 வாட்டை எங்கிருந்து கொடுக்கும்?

ஒரே ஒரு லைட்தான் வாங்க முடியும் என்றால் எது?

ஹெட்லைட், அதாவது நெற்றியில் கட்டுவது. கை இரண்டும் சும்மா இருக்க வேண்டும். ஒரு கையில் கழி, இன்னொரு கையில் குட்டி ஆடு, வேலிப் படலைத் திறக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது?

காலடியில் பரவலாக விழுகிற ஒரு வெளிச்சமும், தூரத்துக்குக் குவிந்து போகிற ஒரு வெளிச்சமும் இரண்டும் அதில் இருக்க வேண்டும். காலடிக்கு 100, 150 லுமென் தாராளம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எல்லோரும் சிறுத்தையை நினைத்து லைட் வாங்குகிறார்கள், ஆனால் காட்டோரத்தில் ராத்திரி நடக்கிறவனுக்குச் சிறுத்தையைவிட கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும்தான் பக்கத்தில் இருக்கின்றன. பாம்பின் கண் வெளிச்சத்தில் மின்னாது. தூரம் போகிற குறுகிய வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு நடந்தால் முன்னால் 50 மீட்டர் பளிச்சென்று தெரியும், காலடி இருட்டாக இருக்கும். என் பெரியப்பா வரப்பில் மிதித்தது அப்படித்தான். அவர் பிழைத்தார், காலில் சதை போனது போனதுதான்.

பட்டிச் சுவர் கல் அடுக்கிய சுவராக இருந்தால் புறஊதா டார்ச் ஒன்றும் சின்னதாக வைத்துக்கொள்ளலாம், ரூபாய் நோட்டு பார்க்கிற அதே மாதிரி. தேள் அந்த ஊதா வெளிச்சத்தில் நீலமும் பச்சையும் கலந்து ஒளிரும், கல் இடுக்கில் இருந்தாலும் தப்பாது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இது பெரிய உதவி.

கையில் பிடிக்கிற டார்ச்சை விட நெற்றி லைட்டில் விலங்கின் கண் நன்றாக மின்னுகிறதே, ஏன்?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். ஆடு, மாடு, நாய், நரி, சிறுத்தை எல்லாவற்றுக்கும் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் உண்டு, உள்ளே போன வெளிச்சத்தை அது வந்த வழியிலேயே திருப்பி அனுப்பும். லைட் நம் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் திரும்பி வருகிற வெளிச்சம் நம் கண்ணில் விழும். இடுப்பளவில் பிடித்தால் பாதி நம்மைத் தாண்டிப் போய்விடும். ஹெட்லைட் இல்லாவிட்டால் கை டார்ச்சைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

மனிதனுக்கும் பன்றிக்கும் அந்தப் படலம் கிடையாது. அதனால் காட்டுப்பன்றிக் கூட்டம் கேழ்வரகில் இறங்கியிருந்தாலும் கண்ணைத் தேடினால் தெரியாது, உடம்பைத்தான் தேட வேண்டும். சத்தம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

கண் மின்னுகிற நிறத்தை வைத்து எந்த விலங்கு என்று சொல்ல முடியுமா?

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரே விலங்கு தலையைக் கொஞ்சம் திருப்பினாலே பச்சை மஞ்சளாகும், மஞ்சள் சிவப்பாகும். நான் பார்ப்பது உயரம், இடைவெளி, அசைவு. தரையோடு தரையாக, அசையாமல், சேர்ந்தாற்போல இரண்டு புள்ளி நேராக என்னையே பார்த்தால் உஷாராகிவிடுவேன். ஆடும் மாடும் தலையைத் தூக்கிப் பார்க்கும், அசைபோடும், அடிக்கடி ஒரே கண்தான் தெரியும். மரத்தில் உயரமாக இரண்டு புள்ளி ஓடினால் பெரும்பாலும் மரநாய். ரோட்டு மண்ணில் சிவப்பாக ஒற்றைக் கங்கு போலத் தெரிந்து திடீரென்று எழுந்து பறந்தால் அது பக்கிக் குருவி. புல் முழுக்க ஊசிமுனை மாதிரிப் பச்சைப் புள்ளிகள் மின்னினால் சிலந்திகள், முதல் தடவை பார்த்தபோது பனித்துளி என்றுதான் நினைத்தேன்.

சொந்த நாயின் கழுத்துப் பட்டையில் சைக்கிளில் ஒட்டுகிற ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரை ஒட்டிவிடுங்கள். லைட் பட்டதும் கண்ணுக்குக் கீழே ஒரு பட்டை மின்னினால் நம் நாய். பட்டையில் வெளிப்பக்கமாக ஆணி வைத்துத் தைத்தால் இன்னும் நல்லது, சிறுத்தை நாயின் கழுத்தைத்தான் பிடிக்கும்.

பேட்டரி எது நல்லது?

18650 என்று எண் போட்ட லித்தியம் பேட்டரி. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதனால் அந்தப் பெயர். தேய்ந்துபோனால் இதை மட்டும் தனியாக மாற்றலாம், டார்ச்சைத் தூக்கிப்போட வேண்டாம். பேட்டரியின் கொள்ளளவை எம்ஏஎச் என்ற அலகில் எழுதுவார்கள்; 3,000 எம்ஏஎச் பேட்டரி ஒன்றில் சுமார் 11 வாட்-மணி இருக்கும். 1,000 லுமென்னில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும், 100 லுமென்னில் வைத்தால் கிட்டத்தட்ட ராத்திரி முழுக்க வரும். ஆகவே எப்போதும் கம்மியில் வைத்து, சந்தேகம் வரும்போது மட்டும் கூட்டுங்கள்.

9,900 எம்ஏஎச் என்று அச்சடித்த 18650 கிடைக்கும். அந்த அளவில் உண்மையாக அடைப்பது பெரும்பாலும் 3,500 சொச்சம்தான், அதைவிட ரொம்பக் கூடுதலாக எழுதியிருந்தால் பொய். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓசூரில் ஒரு கடையில் அப்படி ஒரு ஜோடி வாங்கினேன், முழு சார்ஜ் போட்டு வைத்தும் ராத்திரி 11 மணிக்கே அணைந்துவிட்டது. அன்றைக்கென்று பார்த்து ஒரு குட்டி போனது. அதற்குப் பிறகு மாற்றுப் பேட்டரி ஒன்று எப்போதும் சட்டைப்பையில் இருக்கும், ஆனால் சாவி, சில்லறையோடு சேர்த்துப் போடக்கூடாது, இரண்டு முனையும் உலோகத்தில் பட்டால் தீப்பிடிக்கும். சின்ன பிளாஸ்டிக் டப்பா போதும்.

பழைய மாதிரி ஈய பேட்டரி போட்ட பெரிய டார்ச் கையில் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் சார்ஜ் இறங்கியபடியே மாதக்கணக்கில் மூலையில் போட்டால் உள்ளே தகட்டில் படிவு ஏறிச் செத்துப்போகும், பயன்படுத்தாவிட்டாலும் மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள்.

பட்டியில் விடிய விடிய பல்பு எரியவிட்டால் போதாதா?

போதாது, சில விதத்தில் கெடுதலும்கூட. தினமும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி எரிகிற பல்பு சிறுத்தைக்கு ஒரு வாரத்தில் மரம் மாதிரி ஆகிவிடும், அதற்குப் பயம் இருக்காது. இரண்டாவது, வெள்ளை பல்புக்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் தவளை வரும், தவளைக்குப் பாம்பு வரும். ராத்திரி முழுக்க எரிந்தே ஆக வேண்டுமென்றால் மஞ்சள் பல்பு போடுங்கள், பூச்சி குறையும். மூன்றாவது, பக்கத்துத் தோட்டத்தில் சாமந்தி இருந்தால் சண்டை வரும். சாமந்திக்கு நீளமான இருட்டு கிடைத்தால்தான் மொட்டு கட்டும், ராத்திரி வெளிச்சம் பட்டால் பூ தள்ளிப்போகும். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் பூக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

பல்புக்குப் பதிலாக ஆள் அசைவைப் பார்த்து எரிகிற சோலார் லைட் வைப்பதுதான் என் கருத்து. இருட்டாக இருந்த இடத்தில் திடீரென்று வெளிச்சம் வருவதுதான் விலங்கைத் திடுக்கிட வைக்கும். இதை வைப்பதில்தான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். பட்டிக்கு உள்ளே பார்த்து வைத்தால் ஆடு அசையும்போதெல்லாம் எரிந்து எரிந்து நள்ளிரவுக்குள் பேட்டரி தீர்ந்துவிடும். வெளியே பார்த்து வையுங்கள், நான்கு மூலையிலும். அப்படி வைத்தால் வெளிச்சம் வருகிற விலங்கின் முகத்தில் விழும், ஆடுகளும் நீங்களும் வெளிச்சத்துக்குப் பின்னால் இருட்டில் இருப்பீர்கள், அதற்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

அந்த சென்சார் உடம்புச் சூடு அசைவதைப் பார்க்கிறது. நேராக அதை நோக்கி வருவதைவிட குறுக்கே கடப்பதை நன்றாகப் பிடிக்கும், ஆகவே விலங்கு வருகிற தடத்துக்குக் குறுக்காக வையுங்கள். சின்ன லைட்டுகளில் 5, 6 மீட்டருக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள், சித்திரை மாதத்துப் புழுக்கமான ராத்திரியில் இன்னும் குறையும். சோலார் தகடு தெற்குப் பார்த்து லேசான சாய்வில் இருக்கட்டும், வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள், நம் செம்மண் புழுதி ஒரு வாரத்திலேயே ஏறிவிடுகிறது.

விட்டு விட்டு மின்னுகிற லைட் வேலை செய்யுமா?

சிறுத்தைக்கு வேலை செய்யும் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு, நரிக்கு இல்லை. கென்யாவில் நைரோபி தேசியப் பூங்கா ஓரத்தில் ரிச்சர்ட் டுரேரே என்ற, மாடு மேய்க்கும் மாசாய் இனத்துப் பையன், 11 வயதில், தன் அப்பாவின் மாடுகளைச் சிங்கத்திடமிருந்து காப்பாற்ற பழைய கார் பேட்டரியும் சில எல்இடியும் வைத்து மாறி மாறி மின்னுகிற லைட் செய்தான். நிலையாக எரிகிற லைட்டுக்குச் சிங்கம் பயப்படவில்லை, ஆள் டார்ச்சோடு நடந்தால் பயப்படுகிறது என்று கவனித்துத்தான் அதைச் செய்தான். எனக்கு ரொம்பப் பிடித்த கதை, காவலுக்குப் போகிற பிள்ளை செய்த கண்டுபிடிப்பு என்பதால். சிலி நாட்டு மலையில் லாமா, அல்பாகா என்ற ஒட்டக இனத்து வளர்ப்பு விலங்குகளின் மந்தைகளில் ஒழுங்கின்றி மின்னுகிற லைட்டை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2019-ல் வெளியானது. லைட் இருந்த மந்தைகளில் பூமா தாக்கவில்லை, ஆனால் அந்த ஊர் நரி லைட்டைக் கண்டுகொள்ளவே இல்லை. பூமா நம் சிறுத்தை மாதிரி பெரிய பூனை இனம்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒழுங்கின்மை. சீரியல் லைட் மாதிரி ஒரே தாளத்தில் மின்னினால் பழகிவிடும். நான் வாரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றி, உயரம் மாற்றி வைக்கிறேன். குட்டி போட்ட மாதங்களில் மட்டும் போட்டு, மற்ற நேரம் கழற்றி வைத்துவிடுகிறேன்.

லைட் இருந்தால் பட்டி பத்திரம்தானே?

இல்லை. இதை யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். நாலடிப் படல் வேலியைச் சிறுத்தை ஒரே தாவில் தாண்டும், ஆட்டைக் கவ்விக்கொண்டும் தாண்டும். மேலே கூரையோ கம்பிவலையோ இல்லாத பட்டிக்கு எத்தனை லைட் போட்டாலும் அது பாதிக் காவல்தான். கையில் 3,000 ரூபாய் இருந்தால் 2,000-த்தை வலைக்குப் போட்டுவிட்டு மீதியில் லைட் வாங்குங்கள். கிடை போட்டு ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு இது முடியாது, அவர்களுக்கு நாயும் ஆளும் நகர்கிற லைட்டும்தான்.

யானை வந்தால் லைட் அடிக்கலாமா?

முகத்தில் அடிக்காதீர்கள், கண்ணில் அடிக்கவே அடிக்காதீர்கள். சிறுத்தைக்குச் சொன்ன எதுவும் யானைக்குப் பொருந்தாது. ஐப்பசியிலிருந்து தை வரை, கேழ்வரகு கதிர் முற்றுகிற நேரத்தில் கர்நாடகத்துப் பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாகக் கூட்டம் கூட்டமாக வரும், தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று ஒவ்வொரு காடாக மாறிக்கொண்டே போகும். பசியோடு வந்திருக்கிற யானையின் கண்ணில் பளிச்சென்று அடித்தால் சில சமயம் விலகும், சில சமயம் வெளிச்சம் வந்த திசையை நோக்கி ஓடி வரும். அந்தத் திசையில் நீங்கள்தான் நிற்பீர்கள்.

யானைக்கு லைட் என்பது அது எங்கே இருக்கிறது என்று நாம் தெரிந்துகொள்ள மட்டும். உயரமான, பாதுகாப்பான இடத்திலிருந்து, தூரமாக, தரையில் படும்படி ஒருமுறை வீசிப் பார்த்துவிட்டு அணைத்துவிடுங்கள். சாம்பல் உடம்பு இருட்டில் கரைந்துவிடும், 30 மீட்டரில் நிற்பதுகூடத் தெரியாமல் நடந்து போனவர்கள் இருக்கிறார்கள். அதனால் யானை நடமாட்டம் என்று தகவல் வந்த ராத்திரி தனியாக வயலுக்குப் போகாதீர்கள், வனத்துறையின் யானைக் காவலர்களைக் கூப்பிடுங்கள். வனச்சரக அலுவலக எண்ணை இப்போதே போனில் ஏற்றி வையுங்கள், யானை வந்த பிறகு தேடாதீர்கள்.

காட்டுப்பன்றிக்கு எந்த லைட்?

லைட்டுக்குப் பன்றி இரண்டு ராத்திரி பயப்படும், மூன்றாவது ராத்திரி வெளிச்சத்திலேயே தின்னும். அப்படியானால் சுட்டுவிடலாமா என்று கேட்பீர்கள். 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றிக்கு ஒரு முறை கொண்டுவந்தது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள், 3 கிலோமீட்டருக்கு மேல் வனத்துறை ஆட்கள் சுடலாம். விவசாயி சுடலாம் என்று அதில் இல்லை, தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பட்டிக்கு ஒயர் இழுத்து லைட் போடலாமா?

போடலாம், ஆனால் ஒழுங்காக. ஒட்டுப்போட்ட ஒயரை வேலிக் கம்பியில் சுற்றிக்கொண்டு போகிற வேலை நம் பக்கம் சாதாரணமாக நடக்கிறது. காப்பு உரிந்த ஒரு இடம் கம்பியில் பட்டால் வேலி முழுக்க மின்சாரம், மழை ராத்திரியில் முதலில் தொடுவது உங்கள் பிள்ளையாக இருக்கலாம். ஒயரைக் கம்பத்தின் மேல் தனியாகக் கொண்டுபோங்கள், 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கிற கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச் கட்டாயம் போடுங்கள். இல்லையென்றால் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகிற எல்இடி போதும், பட்டிக்கு அதுவே தாராளம்.

வேண்டுமென்றே வேலிக்கு மின்சாரம் கொடுப்பதைப் பற்றி ஒன்று மட்டும். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் அப்படிப் போட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன, தாயை இழந்த குட்டிகள் இரண்டு அந்த இடத்தை விட்டுப் போகாமல் சுற்றிக்கொண்டிருந்தன. நம் மாவட்டத்தில் ஆநிரையைக் காப்பாற்றிச் செத்தவனுக்கும் புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவனுக்கும் நடுகல் நட்டிருக்கிறார்கள், வயலோரத்தில் இன்றைக்கும் நிற்கின்றன. காவல் என்றால் ஆள் விழித்திருப்பதுதான். கம்பியில் கரண்டைக் கொடுத்துவிட்டு வீட்டில் போய்ப் படுப்பதைக் காவல் என்று நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

மார்கழிப் பனியில் லைட் போட்டால் எதிரில் வெள்ளைச் சுவர்தான் தெரிகிறது, என்ன செய்வது?

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் எல்லோருக்கும் இதே தொல்லை. நெற்றி லைட்டின் வெளிச்சம் பனித்துளியில் பட்டு நேராகக் கண்ணுக்கே திரும்புகிறது. அந்த ராத்திரிகளில் நெற்றியிலிருந்து கழற்றி இடுப்புக்குக் கீழே பிடியுங்கள், வெளிச்சத்தைக் கம்மி செய்யுங்கள். கூட்டக் கூட்டச் சுவர்தான் வெளுக்கும்.

மழைக்கு?

தூசி, தண்ணீர் தாங்கும் தரத்தைக் காட்டும் குறியீடு ஐபி65 என்று போட்டிருந்தால் மழையில் நனையலாம். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும். சார்ஜ் போடுகிற ஓட்டையின் ரப்பர் மூடி போய்விட்டால் இரண்டும் கிடையாது.

நேருக்கு நேர் சிறுத்தையைப் பார்த்துவிட்டால் லைட்டை என்ன செய்வது?

அணைக்காதீர்கள். அதன் மேலேயே வைத்தபடி, சத்தமாகப் பேசிக்கொண்டே, முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்னால் போங்கள். ஓடக்கூடாது, குனியவும் கூடாது. முக்கியமாக அது போக ஒரு வழி விடுங்கள். நாலு பேர் நாலு பக்கமும் லைட் அடித்து வளைத்தால் அதற்கு வழி இல்லாமல் ஆள் மேல் பாயும், வளைக்கப்பட்ட சிறுத்தைதான் ஆளைக் கிழிக்கும். பட்டிக்குள்ளேயே மாட்டிக்கொண்டால் கதவைத் திறந்துவிட்டு எல்லோரும் ஒரே பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள்.

எல்லாம் செய்தும் ஆடு போய்விட்டது, இப்போது?

செத்த ஆட்டை இழுத்து வேறு இடத்தில் போடாதீர்கள், புதைக்காதீர்கள், விஷம் மட்டும் வைத்துவிடாதீர்கள். அது சிறுத்தையை மட்டும் கொல்லாது, நாயும் பருந்தும் சேர்ந்து சாகும், நீங்கள் ஜெயிலுக்குப் போவீர்கள். வனச்சரக அலுவலகத்துக்கு உடனே போன் போடுங்கள், வனவிலங்கு கொன்ற கால்நடைக்கு அரசு இழப்பீடு உண்டு. அதற்கு வனத்துறை ஆள் வந்து பார்க்க வேண்டும், கால்நடை மருத்துவரின் சான்றும் வேண்டும். அதுவரை கழுத்துக் காயம் தெரியும்படி நாலைந்து போட்டோ எடுங்கள், ராத்திரியாக இருந்தால் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில், தரையோடு தாழ்த்திப் பிடித்து எடுங்கள், அப்போதுதான் மண்ணில் கால்தடத்தின் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். பக்கத்தில் அளவுக்கு ஒரு தீப்பெட்டி வையுங்கள். நல்ல தடம் ஒன்றின் மேல் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மீதி ஆடுகளை எண்ணப் போங்கள்.